திரும்பிப் போன வெள்ளணு

ஆய்வகத்தில் அவளுக்கு 'ஆடாதே அக்கா' என்று பெயர். நுண்ணோக்கித் திரையைப் பார்த்தபடி நாள் முழுக்க அவள் முணுமுணுப்பது அந்த ஒரு சொல்தான். மயக்கத்தில் கிடக்கும் சுண்டெலி மூச்சு விடும், ஈரல் அசையும், லேசர் ஒளியில் மினுங்கும் வெள்ளணுக்கள் திரையை விட்டே ஓடிவிடும்.

ஈரலில் சின்னதாகக் காயம் செய்தால், அதைத் தேடி அவை வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை முடிந்ததும் அங்கேயே சாகின்றனவா, இரத்தக்குழாய்க்கே திரும்புகின்றனவா? உயிருள்ள திசுவிலேயே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"திருடனைத் துரத்துறது போலீஸ். போலீஸைத் துரத்துறது என் பொண்டாட்டி" என்பான் கணவன். முதலில் சிரித்தாள். வருடம் போகப் போகச் சிரிப்பு வரவில்லை.

மெல்லிய வளையம் ஒன்றைச் செய்து, அதன் வழியே காற்றை லேசாக உறிஞ்சி ஈரலைப் பிடித்து நிறுத்தினாள். படம் நின்றது. ஒரு வெள்ளணு காயத்தருகே சுற்றித் திரிந்துவிட்டு, குழாயோரம் போய் மறைந்தது. ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கையோடு அழைத்து வந்தாள்.

"குழாய்க்குள்ள போச்சுன்னு எப்படிம்மா சொல்ற? அதுக்கு அடியில இறங்கியிருக்கலாமே?"

"குழாய்ப் பக்கமாத்தானே சார் போகுது!"

"பக்கம் போச்சு. உள்ள போனதைக் காட்டு."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

அடுக்கடுக்காக ஆழத்திலும் படம் எடுத்தாள். அதற்குள் அணுக்கள் இடம் மாறிவிட, எது எதுவென்றே தெரியவில்லை. வேகமாக எடுத்தால் படம் மங்கியது. லேசரைக் கூட்டினாள், அது திசுவைச் சுட்டுவிட, அணுக்களெல்லாம் காயத்தை விட்டுவிட்டுச் சூடுபட்ட இடத்தில் வந்து மொய்த்தன.

வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"நான் பார்க்கிறதே அங்க காயமாயிடுது."

கணவன் கேலியை விழுங்கிக்கொண்டான். "நாளைக்கு லீவு போடேன்."

"எலி ரெடியா இருக்கு. லீவாம் லீவு!"

லேசரைக் குறைத்தாள். பார்க்கும் பரப்பைச் சுருக்கி, ஒரே ஒரு குழாயின் ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெரும்பாலும் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. மழைக்காலத்தில் ஒருநாள் வந்தது. குழாய்ச் சுவரில் ஒட்டி, உடலை நூலாக நீட்டி, நெளிந்து உள்ளே நுழைந்தது. இரத்தம் அதை அடித்துக்கொண்டு போனது.

பேராசிரியர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "உள்ளதான் போயிருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஆனா ஒண்ணு போதாதேம்மா" என்றார்.

அவள் கதவைச் சற்றுப் பலமாகவே சாத்திவிட்டுப் போய், அடுத்த எலிக்கான மயக்க மருந்தை எடுத்தாள்.