உஸ்மானின் கல்யாணப் பெட்டி

சந்தனமும் ஏதோ ஒரு புகையும் கலந்த வாசனை… சவூதியில், தம்மாமில் எங்கள் ரூமுக்குள் நுழைந்தால், மீன்குழம்பையும் மீறி அதுதான் முதலில் மூக்கில் ஏறும். வந்தது என் கட்டிலுக்கு அடியிலிருந்து. அங்கே ஒரு சூடான்காரனின் கல்யாணப் பெட்டி மூன்று மாதம் கிடந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. நான் அதிராம்பட்டினத்துக்காரன். ஒரு மளிகை மொத்தக் கடையில் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ரூமில் எல்லாரும் நம்ம ஊர்ப்பக்கம். அடுத்த ரூமில் ஐந்தாறு சூடான் பையன்கள், ஒரே கிராமத்துக்காரர்கள். எங்கள் கடை குடோனில்தான் அவர்களுக்கும் டியூட்டி. எல்லாரும் இளவட்டம்.

நம்ம ஆட்கள் லீவுக்குப் போகிற அழகு தெரியும்தானே? தேதியைப் பற்றி மூச்சு விடமாட்டோம். சொன்னால் தொலைந்தோம்… ஆளாளுக்கு ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கோடாலித் தைலம், பால்பவுடர் டின், மச்சானுக்கு டார்ச் லைட். என் ரூம்மேட் சாகுல் ஒருநாள், "பல்லு வலிக்குது மச்சான், டாக்டரப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கிளம்பினான். மறுநாள் விசாரித்தால் ஆள் பம்பாயில் இறங்கிவிட்டானாம்!

சூடான் பையன்கள் இதற்கு நேர்மாறு. ஒருத்தனுக்கு லீவு என்றால், ஒரு மாதம் முன்பே ரூம் நடுவில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவன் எல்லாம் எதையாவது அதில் போடுவான். பள்ளிக்கூடத்துக்குப் பென்சில், காய்ச்சல் மாத்திரை, யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணாடி… அவரவர் வீட்டுக்கு இல்லை, ஊருக்கு. போகிறவன் தன் சாமானை மிச்சமிருக்கும் இடத்தில்தான் திணித்துக்கொள்வான்.

எனக்கு இது விளங்கவே இல்லை. அரபியும் இந்தியும் கலந்த எங்கள் குடோன் பாஷையில் உஸ்மானிடம் கேட்டேன்.

"உன் லக்கேஜை ஏன்டா ஊருக்குக் குடுக்குறே?"

"என் டிக்கெட்டுக்கு ஊர்ல ஆடு வித்தாங்க பாய். எங்க வீட்டு ஆடு மட்டும் இல்ல" என்றான்.

அந்த வருஷம் உஸ்மானுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணுக்குப் பெட்டி நிறைய உடுத்துகிற துணியும் அத்தரும் கொண்டுபோக வேண்டும். பெண்வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்களாம். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தான்.

அதே சமயம் ஊரில் புதுக் கிணறு வெட்டியிருந்தார்கள். தண்ணீரை மேலே கொண்டுவர பம்ப் இல்லை. பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பம்ப் வாங்கிவிட்டார்கள்.

பக்கத்து ஊரான தஹ்ரான் ஏர்போர்ட்டுக்கு என் பிக்கப்பில்தான் போனோம்… நான், உஸ்மான், அவன் கூட்டாளி இத்ரீஸ். கவுண்டரில் எடை போட்டவன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான். பம்ப் அல்லது பெட்டி, ஏதாவது ஒன்றுதான் போகும். கூடுதல் எடைக்குக் கட்ட எங்கள் மூன்று பேர் பையிலும் ஒன்றும் தேறவில்லை.

நான் உஸ்மானின் தோளைத் தொட்டேன்.

"உஸ்மான், பம்ப்ப எடுத்து வச்சிருடா. இத்ரீஸ் அடுத்து போறான்ல, அவன் கொண்டுபோகட்டும்."

"அதுவரைக்கும் அவங்க கையாலயே இறைக்கணுமா?"

"பொண்ணு வீட்ல என்னடா சொல்லுவாங்க? வெறுங்கையோட போனா மானம் போயிரும்டா!"

"சொல்லுவாங்கதான்…" பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "அந்தப் பொண்ணும்தான் பாய் தினம் கயிறு இழுக்குறா. எது வேணும்னு அவகிட்ட கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். கலாஸ், முடிஞ்சுது."

பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தான். "உன் ரூம்லயே வச்சுக்க. எங்க ரூம்ல வச்சா பசங்க இதையும் ஊருக்குன்னு குடுத்துருவானுங்க!"

சிரித்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

லீவு முடிந்து திரும்பி வந்தபோது ஒரு பை நிறைய காய்ந்த சிவப்புப் பூ கொண்டுவந்தான், தேநீர் போட. கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம். பெண்ணின் அத்தைமார்கள் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம்.

"பொண்ணு?" என்று கேட்டேன்.

"பம்ப்பப் பாத்துச்சு… அப்புறம் என்னப் பாத்துச்சு" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். அவ்வளவு பெரிய உடம்பு வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு இத்ரீஸ் லீவில் போனான். பெட்டியும் போனது. எங்கள் ரூமில் மறுபடி வெறும் மீன்குழம்பு வாசனை.

இத்ரீஸ் திரும்பி வந்தபோது ஒரு போட்டோ கொண்டுவந்தான். குடோனில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து உஸ்மான் அதைப் பார்த்தான். கிணற்றடியில், தண்ணீர் கொட்டும் குழாய் பக்கத்தில், அவன் மனைவி. உடம்பைச் சுற்றிய ஆரஞ்சு நிறத் துணி.

"இந்தக் கலர் நான் எடுத்தது" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினான்.

தான் ஆசைப்பட்டு வாங்கிய கல்யாணத் துணியில் தன் மனைவியை அவன் முதன்முதலில் பார்த்தது அந்தக் காகிதத்தில்தான். நான் மூட்டை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது ஷார்ஜா முவைலாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் தேதியோடு போட்டேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு தைல பாட்டில்கூட யாரும் கொண்டுவரவில்லை. ஊரிலேயே எல்லாம் கிடைக்கிறது. நல்லதுதான்… ஆனாலும் என்னவோ போல் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் என் பெட்டியை ஹாலின் நடுவில் கொண்டுவந்து திறந்து வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாமா, பெட்டிய மூட மறந்துட்டீங்களா? நடக்குற வழியில கெடக்கு."

"இல்லம்மா… ரெண்டு நாளைக்குக் கெடக்கட்டும்" என்றேன்.