பெட்ரோல் பங்கிலிருந்து பத்து நிமிட நடை

அந்த டீச்சருக்குக் கோபம் வந்தால் சாக்பீஸ் உடையும். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்றாவது போகும். வெளிநாட்டில் லாரி ஓட்டப் போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை, கீழேயிருந்து ஏறிவரும் பஞ்சர் பசை வாசனை. கணவர் போன பிறகு தனியாளாக நின்று மகளைக் கட்டிக்கொடுத்ததும் இந்த அறையை நம்பித்தான். அதனால் ஒரு மாணவர் இன்டர்வியூவில் தோற்றுவிட்டால் தன் சோற்றில் யாரோ மண்ணை அள்ளிப் போட்டமாதிரி துடித்துப்போவார்.

மற்றதையெல்லாம் எப்படியோ உருட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். தூரமும் நேரமும் வந்தால் மட்டும் அத்தனை பேரும் மண்ணைக் கவ்வுவார்கள்.

"அதெப்படி டீச்சர், ரோடும் லாங், நேரமும் லாங்?"

"நாம மட்டும் என்னவாம்? நெடுந்தூரம்ங்கறோம், நெடுநேரம்ங்கறோம். அங்க இனிக்குது, இங்க கசக்குதா?"

"சரி, டென் மினிட்ஸ் வாக்னா யாரு நடக்கிற பத்து நிமிஷம்? எங்க மாமியார் நடந்தா அரை நாளாகுமே!" என்றார் கடைசி பெஞ்சு மீசைக்காரர்.

வகுப்பே குலுங்கியது. சாக்பீஸ் உடைந்தது. கல்லெறி தூரம் என்பது ஆங்கிலத்திலும் உண்டு என்றதும் மட்டும் ஏதோ சொந்தக்காரனைக் கண்டமாதிரி எல்லோர் முகமும் மலர்ந்தது. மறுநாள் கேட்டால் அதுவும் போச்சு.

கடைசியில் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். புரிய வைத்து மாளாது, மனப்பாடம்தான் வழி. இன்டர்வியூவில் தூரம் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் வீடு எங்கே என்றுதான். அதற்கு ஒரே வாக்கியம்: "இட் இஸ் டென் மினிட்ஸ் வாக் ஃப்ரம் தி பெட்ரோல் ஸ்டேஷன்." வாய்ப்பாடு மாதிரி தினமும் வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

வந்தது. வரிசையாகத் தேறினார்கள். இன்டர்வியூ எடுக்கும் கம்பெனி அதிகாரி ஒருநாள் போன் செய்து, "மேடம், உங்க ஆளுங்க அத்தனை பேரும் ஒரே பெட்ரோல் பங்க் பக்கத்திலயா குடியிருக்காங்க? அங்க வாடகை அவ்வளவு குறைச்சலா?" என்று சிரித்தார். அன்று முதல் அவருக்கு இவர் 'பெட்ரோல் பங்க் டீச்சர்'. டீச்சரும் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே, என்ன செய்வது!

அந்த வாக்கியத்தை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் 'ரேடியோ'. வாயை மூடவே தெரியாத மனுஷன் என்பதால் அந்தப் பெயர். அவரும் தேறிப் போய், வெயில் கொளுத்தும் ஒரு நாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம் அவர் மனைவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"டீச்சர், அவரைக் காணோம்!"

"காணோம்னா? உட்கார்ந்து சொல்லும்மா."

நடந்தது இதுதான். காலையில், மனுஷ வாடையே இல்லாத ஒரு பாலைவன ரோட்டில் ரேடியோவின் லாரி டயர் வெடித்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இடம் காட்டும் கருவி ஏற்கெனவே பழுது. கையிலிருந்தது ஒரு பழைய பட்டன் போன், அதிலும் சார்ஜ் உயிர் போகிற நிலையில்தான். கம்பெனிக்கு ஒரு போன், மனைவிக்கு ஒரு போன். அத்தோடு அந்தக் கருவி செத்துவிட்டது.

"ஒரு பாட்டில் தண்ணிதான் இருக்காம் டீச்சர். வண்டிக்கு அடியில நிழல்ல படுத்திருக்கேன், பயப்படாதேன்னாரு. இப்ப அவரை வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் சொல்றாரு, கம்பெனி ஆளுங்க போய்த் தேடிட்டாங்களாம், ஆளும் இல்ல, வண்டியும் இல்லயாம். வண்டியைச் சரிபண்ணிக் கிளம்பியிருப்பாரு, நாளைக்குப் பார்க்கலாம்கிறாங்களாம். நாளைக்கு வரைக்கும் அந்த வெயில்ல..." பெஞ்சில் சரிந்து அழுதாள்.

"எங்க போய்த் தேடினாங்களாம்?"

"பெட்ரோல் பங்க்லேர்ந்து பத்து நிமிஷம் நடக்கிற தூரம்னு அவரே சொன்னாராம்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அது ரேடியோ சொன்ன இடமில்லை. ரேடியோவின் வாயில் தான் திணித்து அனுப்பிய இடம். பயத்தில் இருக்கும் மனுஷனிடம் ஆங்கிலத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார்கள். தூக்கத்திலும் வர வேண்டியது, பயத்தில் வந்திருக்கிறது. ஐயோ, நானே அவனைக் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "அழுகையை நிறுத்து. உன்கிட்ட என்ன சொன்னாரு? நம்ம பாஷையில பேசினது. ஒண்ணு விடாம சொல்லு."

"அந்த ரோட்ல இருக்கிற ஒரே பங்க்ல டீ குடிச்சாராம். வண்டியில ஏறினதும் நான் பென் டிரைவ்ல ஏத்திக்கொடுத்த பாட்டுங்களை முதல்லேர்ந்து போட்டாராம். முழுசா ரெண்டு சுத்து ஓடி, மறுபடி முதல் பாட்டு வந்தப்ப டயர் போச்சாம். உன் பாட்டே சகுனம் சரியில்லடின்னு அந்த நிலைமையிலயும் கிண்டல் பண்றாரு, பாவி மனுஷன்."

"ஒரு சுத்து எவ்வளவு நேரம்?"

"நானும் அதே பாட்டுங்களைப் போட்டுட்டுத்தான் தினமும் சமைப்பேன். ஒன்றரை மணி நேரம்."

மூன்று மணி நேர ஓட்டம்! டீச்சர் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"மூணு மணி நேரமா? இல்லை மேடம், பத்து நிமிட நடைன்னு அவரே தெளிவா சொன்னார். ஒரு வார்த்தைகூடத் தடுமாறலை."

"தடுமாறலையில்ல? அதனாலதான் சொல்றேன், அது அவர் பேச்சில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடம். அர்த்தம் தெரியாம ஒப்பிச்சிருக்கார்."

"நீங்க யாரு மேடம்?"

"அவரோட டீச்சர்."

"டீச்சர் அங்கேர்ந்து சொல்றதை வச்சு அவ்வளவு தூரம் வண்டி அனுப்ப முடியாது. மன்னிக்கணும்."

அவள் போனை வைக்கப்போகிறாள் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று அந்த அதிகாரியின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

"வைக்காதீங்க! உங்க இன்டர்வியூ அதிகாரியைக் கேளுங்க. என் மாணவர்கள் எல்லாம் எங்க குடியிருக்காங்கன்னு மட்டும் கேளுங்க!"

அந்தப் பக்கம் ஏதோ மணியோசைப் பாட்டு ஓடியது. ரேடியோவின் மனைவி டீச்சரின் புடவை நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பாட்டு நின்று, அதிகாரியின் குரல் வந்தது.

"யாரு, பெட்ரோல் பங்க் டீச்சரா?" என்று சிரிப்போடுதான் ஆரம்பித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "கடவுளே! அதே வாக்கியம்..."

"அதேதான் சார். தப்பு என்னுது. அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. பங்க்லேர்ந்து மூணு மணி நேரம் வண்டி ஓடணும். தண்ணியோட அனுப்புங்க."

"இப்பவே அனுப்பறேன்," என்று வைத்துவிட்டார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. நெடுநேரம் என்று எத்தனை தடவை பலகையில் எழுதியிருப்பார், அதன் நீளம் அன்றைக்குத்தான் தெரிந்தது. காபி போட்டார், இருவரும் தொடவில்லை. வண்டி போய்ச் சேரும் நேரம் வந்தது, கடந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் வேளையில் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டாள். கரகரத்த குரல், ஆனால் அதே ரேடியோ.

"ஏய், அழாதடி, உயிரோடதான் இருக்கேன். பக்கத்துல யாரு, டீச்சரா? டீச்சர், பயத்துல நாக்கே ஒட்டிக்கிச்சு. ஆனாலும் அவங்க கேட்டதும் கடகடன்னு சொல்லிட்டேன்ல! ஒரு தப்பில்லாம, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே. சரிதானே டீச்சர்?"

"அழகா சொன்னேப்பா," என்றார் டீச்சர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

மாலை வகுப்புக்கு ஆட்கள் ஏறி வந்தார்கள். டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று வழக்கம்போல ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். "இட் இஸ் டென் மினிட்ஸ் வாக்..."

"நிறுத்துங்க!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க வீடு எவ்வளவு தூரம்? உங்க வீடு. தப்பா சொன்னாலும் பரவாயில்லை, நிஜத்தைச் சொல்லுங்க."

கடைசியில் மீசைக்காரர் வேர்த்து விறுவிறுத்து எழுந்து நின்றார்.

"மை ஹவுஸ்... ஐ வாக்... ட்வென்ட்டி மினிட்ஸ்." எச்சிலை விழுங்கினார். "மதர் இன் லா வாக்... ஹாஃப் டே."

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அதை உடைக்காமல் மீசைக்காரர் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினார்.