அத்தானுக்கு வாங்கிய கமரா

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போனபோது, புறக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் கமராவை வாங்கினேன். சாவி முறுக்கினால் ஓடுகிற பழங்காலத்துப் பிலிம் கமரா. ஆட்கள் நடமாடுவதைப் படமெடுப்பது. இதற்கு இனிமேல் பிலிம் கிடைக்காது என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். பரவாயில்லை, தாருங்கள் என்றேன். என்னை அரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அது அக்காவின் கணவருக்கு. இதே மாதிரி ஒரு கமராவோடு திரிந்தவர் அத்தான். அக்கா மீன் வெட்டினாலும் படம், கோழிக்குத் தீன் போட்டாலும் படம். "உங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று அவள் சீறுவதையும் விடாமல் எடுத்து வைத்திருந்தார். சுனாமி வந்த காலையில் அவர் வாழைச்சேனைக்குத் தாயைப் பார்க்கப் போயிருந்தார். ஆரையம்பதிக் கடற்கரையோரம் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, அதற்குள் இருந்த அக்கா, கமரா, சுருள் சுருளாக அவள் படங்கள், எல்லாமே போய்விட்டன.

வாவிக்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு அத்தான் வந்து சேர்ந்தார். அப்பா முன்பே தவறிவிட்டார், அம்மாவும் நானும்தான். அக்காவுக்கும் அவருக்கும் பிள்ளைகுட்டி இல்லை. தாய் வீட்டோடு போய் இருந்திருக்கலாம், போகவில்லை. நான் அப்போது வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றிப் பொயின்ற்றுகளில் பெண்பிள்ளை தனியாக நிற்கக்கூடாது என்று தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய், வகுப்பு முடியும்வரை மரநிழலில் காத்திருந்து கூட்டிவருவார். என் பட்டத்தில் பாதி அவருடையது. இதை யாரிடமும் சொல்வேன்.

பிறகு எனக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அன்றே அத்தான் தன் உடுப்புகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"புது மாப்பிள்ள வாற வீட்டுல நான் என்னத்துக்குப் புள்ள?"

கத்திப் பார்த்தேன், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. போவதென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் கமராவை வாங்கினேன்.

கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை முறுக்கிக் கண்ணில் வைத்தார். கிர்ரென்று ஓடியது.

"புள்ள, கிணத்தடி மட்டும் நடந்து போ."

பிலிம் இல்லாத கமராவுக்கு முன்னால் வெட்கமில்லாமல் நடந்தேன். அவர் கண் கலங்கியபடி சிரித்தார். "உங்கட அக்கா எண்டா இப்ப நல்லா ஏசியிருப்பா." கடல் வந்ததற்குப் பிறகு அவர் அக்காவைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசியது அன்றுதான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஆனால் கமராவைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டார்.

"இத இஞ்சயே வை. மருமகனா வந்தவன் இந்த வீட்டால ஒண்டும் கொண்டு போறது முறையில்ல."

"முறையாம் முறை!" என்று பாய்ந்தேன்.

அப்போது அம்மா அறையை விட்டு வெளியே வந்தா. மாமி மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும், "சாப்பிட்டாரா எண்டு கேள்" என்று கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம்தான் சொல்லுவா. அன்று அவர் முன்னால் வந்து நின்றா.

"மனே," என்றா. மகனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால் அவரை அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "நீ போயிற்றா மாப்பிள்ளைக்குக் கால் கழுவ எனக்கு வேற ஆம்பிளப் புள்ள ஆரு இருக்கு?"

கலியாண வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வருவது பெண்ணின் கூடப்பிறந்தவன். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் மாப்பிள்ளையின் கால் கழுவியது அவர்தான். கலியாணம் முடிந்து ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டே வாழைச்சேனைக்குப் போனார். போகும்போது, யாரும் சொல்லாமலே, கமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.