அக்கா வீட்டுத் துரை

என் அக்கா வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். சிதம்பரத்தில் அவள் இருந்த சந்துக்குள் நுழைந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்டுவிடும். மூக்கடைத்த ஆங்கிலம். ஏற்ற இறக்கம் என்பதே கிடையாது. தகரக் கொட்டகையில் மழை விழுகிற மாதிரி ஒரே சடசடப்பு. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளின் குரல்தான் அது. அக்காவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரோடு வந்தது. அக்கா அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் கிளம்ப நேரமானால், "துரை இன்னும் எழுந்திருக்கல, செத்த இருடா" என்பாள்.

அக்கா டைப்பிஸ்டாக இருந்தவள். கண்ணில் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு கண்ணும் போய், வேலையை விட்டாள். அடுத்து மாமாவும் போய்ச் சேர்ந்தார். ஒண்டியாகி விட்டாளே என்று நாங்கள் எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பாட்டுக்குத் துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் தாள்களோடு வந்து படிப்பார்கள், அக்கா அடிப்பாள், துரை திருப்பிச் சொல்வார். பாதியில் நிறுத்தி, "அங்க ஒரு கமா உட்டுட்டேன்" என்பாள். துரையின் வேகத்தை அவள் உச்சத்தில் வைத்திருந்தாள். நான் கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். எனக்கு அதில் ஒரு வார்த்தை பிடிபடாது. "எப்பிடிக்கா வெளங்குது?" என்றால், "நீ மெட்ராஸ் பஸ் போர்டை ஓட்டத்துலயே படிக்கிறயில்ல, அந்த மாதிரிதான்" என்பாள். என்ன திமிர் பாருங்கள்! அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஐப்பசி மழையில் இடி இறங்கி அந்தக் கம்ப்யூட்டரின் போர்டு கருகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. அந்த வயசு போர்டை எங்கே தேடுவது? பாண்டிச்சேரி வரைக்கும் அலைந்து ஒன்றைப் பிடித்து வந்தேன். அது ஒரு வாரத்தில் மண்டையைப் போட்டது. கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் பார்த்தான், புது லேப்டாப்பே வாங்கிக் கொடுத்துவிட்டான். அதில் புது விண்டோஸ், புதுக் குரல். தேனாகப் பேசும் ஒரு பெண். அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இந்தப் பொண்ணு ஜாஸ்தி கொழையுது. விஷயத்துக்கு வர்றதுக்குள்ள பொழுது போயிடும். வேகமா பேசச் சொன்னா கீச்சுங்குது." விரலுக்குப் பழகிய குறுக்கு வழிகளும் அதில் எதுவும் வேலை செய்யவில்லை. துரையோ புது விண்டோஸில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் அக்கா சொன்னாள்: "இது மேலயே பழைய எக்ஸ்பிய போட்டுக் குடுடா."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மகன் என்னைத் தனியாக அழைத்துப் போய், "மாமா, அந்த டைப்பிங் வேலை இருக்குன்னுதான் அம்மாவ அங்க ஒண்டியா உட்டு வச்சிருக்கேன். அதுவும் இல்லன்னா அங்க உக்காந்து என்ன பண்ணும்? அடுப்பு, படின்னு எனக்குத் தூக்கமே வரல. இது ஓடலன்னா நான் கடலூருக்குக் கூட்டிக்கினு வந்துடுவேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் முன்பே எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்திருந்தேன். "மவன் இருக்கும்போது தம்பி வீட்டுல போயி உக்காந்தா ஊரு அவனத்தாண்டா காறித்துப்பும்" என்று மறுத்துவிட்டாள். ஆக, அவள் தன் வீட்டில் இருப்பதும் கிளம்புவதும் இந்த எக்ஸ்பி ஏறுவதில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். அக்கா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எக்ஸ்பி பாதி தூரம் வரும், ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்று நீலத் திரையைப் போட்டு நின்றுவிடும். புதுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை அந்தக் காலத்து மென்பொருளுக்கு அடையாளம் தெரியாது. லேப்டாப்பின் உள் அமைப்பில் பழைய முறைக்கு மாற்ற ஒரு வழி ஒளிந்திருந்ததைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம் சரசரவென்று ஏறியது. பச்சைப் புல் மேடும் நீல வானமுமாக அந்தப் பழைய படம் திரையில் விரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வந்துடுச்சுக்கா! அப்பிடியே வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அக்கா முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் வரவில்லை. மெனு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, துரையையும் போட்டாயிற்று, அவர் வேலை செய்வதாகத் திரை சொல்கிறது. ஆனால் அந்த லேப்டாப்பின் சவுண்ட் சிப்புக்கு எக்ஸ்பியில் ஓடும் டிரைவரை, அதாவது அதை இயக்கும் குட்டி மென்பொருளை, யாருமே எழுதவில்லை. எனக்கு வந்த கம்ப்யூட்டர் அவளுக்கு வரவேயில்லை. வாரக்கணக்கில் இணையத்தைத் துழாவினேன். கிடைத்ததையெல்லாம் ஏற்றினேன். ஒரு முனகல்கூட வரவில்லை. பழசை எவன் வைத்திருக்கப் போகிறான் என்று எங்கோ உட்கார்ந்து முடிவு செய்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

தை பிறந்ததும் அக்கா மகன் காரோடு வந்தான். அவன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் மனைவி தங்கமான பெண். காபியைக் கையில் கொடுப்பாள், துணியை எடுத்து வைப்பாள், செருப்பைக்கூடக் காலடியில் கொண்டுவந்து போடுவாள். "நீங்க உக்காருங்க அத்தே, நான் பாத்துக்கறேன்" என்பது நாள் முழுக்கக் கேட்கும். அக்காவும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்திருந்தாள். கேட்டதையே திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். "மழ பெய்யுதாடா?" என்பாள், வெயில் கொளுத்தும்போது.

அந்த வருஷக் கடைசியில், கம்பெனி எடைமேடைக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க என் கடைக்குக் கொண்டுவந்த ஒருவர் யூஎஸ்பியில் செருகும் ஹெட்போன் ஒன்றைக் கொடுத்து, வேலை செய்கிறதா பாருங்கள் என்றார். கைக்கு எட்டிய தூரத்தில், ஊமையாகி என் கடையிலேயே கிடந்த அக்காவின் லேப்டாப்தான் இருந்தது. செருகினேன். மேஜையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து துரை சடசடவென்று பேச ஆரம்பித்தார். யூஎஸ்பி வழியாகப் போனால் அந்தச் சிப்பே தேவையில்லை. டிரைவரும் எக்ஸ்பிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அட கடவுளே, இவ்வளவுதானா? வாடிக்கையாளர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டும் சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக்கொண்டு நேரே அக்காவிடம் ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்தேன். விரல்கள் எஃப், ஜே எழுத்துகளின் மேட்டைத் தேடிப் பிடித்தன. துரை பேசினார். அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. "செத்த மெதுவா பேசச் சொல்லுடா" என்றாள். குறைத்தேன். "இன்னும்." குறைத்தேன். கடைசியில் துரை ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கே முழுசாகப் புரிகிற மாதிரி பேசினார். அக்கா தலையை ஆட்டினாள்.

"நல்லாத்தாண்டா பேசறாரு. எனக்குத்தான் வெளங்கல. அமத்திடு."

அமர்த்தினேன். லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தேன். பிறகு அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். பார்வை போன நாளிலிருந்து அவள் யாரிடமும் அப்படிக் கை நீட்டியதில்லை.

"பாத்ரூமுக்குக் கூட்டிக்கினு போடா தம்பி. எந்தப் பக்கம்னு தெரியல."

பாத்ரூம் அந்த அறையிலேயே, அவள் கட்டிலை ஒட்டித்தான் இருந்தது.