முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் முந்திப் போனவன்

ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஆறடிக்கு மேல் உயரம், தோளில் எப்போதும் ஒரு மடக்கு ஏணி. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவரையே ஏணி என்று கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "கூப்பிட்டுக்கோங்க. என் மேல ஏறாம இருந்தாச் சரி" என்பார்.

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்திக்கொண்டு இருட்டுக் குழிக்குள் செய்கிற வேலை அது. கூண்டு மேலே போகும்போது எதிர் எடை கீழே இறங்கும். ஆள் உயர இரும்புக் கட்டு. சத்தமே போடாமல் வந்து, நடுவழியில் தோளை உரசுகிற மாதிரி கடந்து போகும். பார்க்காமல் தலையை நீட்டிய இரண்டு பேரை ஏணிக்குத் தெரியும். அவர்களைப் பற்றி அவர் பேச மாட்டார். எதிர் எடை கிட்டே வந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். முதலில் நிறுத்து, பிறகு யோசி. இந்த ஒரு சட்டத்தால்தான் இருபத்தாறு வருஷமாக அவர் முழுசாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு ஊர் மராத்தான் ஓடுவார். தொடர்ந்து ஐந்து தடவை ஓடி முடித்தவர்களுக்கு எண்ணைச் சொந்தமாகவே கொடுத்துவிடுவார்கள். அவருடையது 212. ஆனால் ஒரு வருஷம் ஓடாமல் விட்டுவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில், அவருடைய அண்ணி வேலை பார்க்கும் மருந்துக் கடை வாசலில், தண்ணீர் மேசை போடுவார்கள். மேசையைக் கவனித்துக்கொள்வது அண்ணிதான். ஏழாவது வருஷ ஓட்டத்தில் அவர் கை நீட்டியபோது அண்ணி கப்பை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"என்ன தம்பி, இப்பத்தானே குடிச்சிட்டுப் போனீங்க?"

"நானா? கண்ணாடியை மாத்துங்க அண்ணி."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஒரு பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை."

அன்றைக்குச் சிரித்தார்கள். அடுத்த வருஷமும் அதே கதை. இந்தத் தடவை பத்து நிமிஷம் என்றாள். அதற்கடுத்த வருஷம் எட்டு. ஏணி மட்டும் ஒவ்வொரு வருஷமும் அநேகமாக ஒரே நேரத்துக்குத்தான் அந்த மேசைக்கு வந்தார். முன்னால் ஓடுகிறவன்தான் வருஷத்துக்கு வருஷம் மெதுவாகிக்கொண்டிருந்தான். ஓட்டத்தை நடத்துகிறவர்களிடம் விசாரித்தால், 212 ஒரே ஒரு தடவைதான் பதிவாகியிருக்கிறது என்று ஏட்டைக் காட்டினார்கள். முடிவுக்கோட்டில் துண்டோடு காத்திருக்கும் மனைவியும் ஒரே ஒருவரைத்தான் பார்த்தாள். அவன் அங்கே வந்து சேர்வதே இல்லை.

பதின்மூன்றாவது வருஷம் இடைவெளி நாற்பது விநாடிக்கு வந்துவிட்டது. மேசைமேல் அவன் வைத்துவிட்டுப் போன கப் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததை ஏணியே பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அதைச் சொன்னார்.

பதினான்காவது ஓட்டத்துக்கு முந்தின நாள் மனைவி அவருடைய நீலச் சட்டையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். பின்தோளில் தையல் விட்டிருந்தது. நீல நூல் தீர்ந்துபோனதால் வெள்ளை நூலைக் கோத்தாள்.

"என்னங்க, இந்த வருஷம் வேண்டாமே."

"எண்ணு போயிடும்."

"போனா போகட்டும். அவனைப் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க? தோள்ல கை போட்டு டீ வாங்கித் தரப் போறீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவள் சொன்னாள்: "சரி, ஓடுங்க. ஆனா அவன் பக்கத்துல வந்தா நின்னுடணும். எனக்கு நீங்க முழுசா வேணும். என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க."

கையை வைத்துச் சொன்னார். அவருக்கு அதில் கஷ்டமே இல்லை. தொழில் கற்றுக்கொடுத்ததும் அதைத்தானே.

மறுநாள் காலை மருந்துக் கடையை நெருங்கும்போதே அண்ணி விரலை நீட்டிக் காட்டினாள். முன்னால் பத்தடியில் ஒரு முதுகு. அதே உயரம். அதே நீலச் சட்டை, பின்தோளில் வெள்ளைத் தையல். நேற்று மத்தியானம் போட்ட தையல். அதில் அறுத்த நூலின் முனைகூட இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏணி தண்ணீர் குடிக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினார். பத்தடி ஐந்தடியானது, ஐந்து இரண்டானது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் மேல் வியர்வை வாடையே இல்லை. குழிக்குள் எதிர் எடை கடக்கும்போது முகத்தில் படுமே, கிரீஸ் கலந்த குளிர்ந்த காற்று, அதுதான் அவன் முதுகிலிருந்து வந்தது. ஏணியின் கட்டை விரல் தானாக மடங்கி, இல்லாத பொத்தானை அமுக்கியது.

நின்றுவிட்டார்.

அப்போதுதான் அவனுடைய காலடி அவர் காதில் விழுந்தது. இத்தனை நேரமும் அது அவர் காலடியோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தது. இப்போது அது மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், வளைவைத் தாண்டிப் போனது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். பிறகு சொந்தக் காலால் மிச்ச தூரத்தை நடந்தார். மைதானத்தை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் 212 முடித்துவிட்டார் என்று சொல்லிக் கைதட்டினார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போனார். முடிவுக்கோட்டில் மனைவியைக் காணோம். எப்போதும் அவள் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது.

மேசைகளை மடக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். அவள் அவருடைய நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "உங்களைத்தான் சார் அம்மா இப்பக் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். அடுத்த மேசையை மடக்காமலே எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படியில்தான் ஏறினார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம், மனைவியின் குரல்.

"என்னங்க, அவனைப் பார்த்தீங்களா?"

பதில் சொன்னது அவருடைய குரல்தான்.

"பார்த்தேன். பின்னாலேயே வந்தான். அப்புறம் நின்னுட்டான்."

"இனிமே வர மாட்டானில்ல?"

"எப்படி வருவான்?"

அப்பாடா என்று அவள் சிரித்தாள். ஏழு வருஷமாக அவள் அப்படிச் சிரித்து ஏணி கேட்டதில்லை. அழைப்பு மணிமேல் வைத்த விரலை அமுக்குவதா எடுப்பதா என்று அவர் நின்றார். மணி தன்பாட்டுக்கு அடித்துவிட்டது.

"யாரோ வந்திருக்காங்க போல" என்றாள் மனைவி.

"நீ இரு, கால் வலிக்கலை எனக்கு. நான் பார்க்கறேன்."

அவருக்குப் பழகிப்போன அந்தக் காலடி, அவசரமே இல்லாமல், கதவை நோக்கி வந்தது.