அட்டையில் பதிந்த பத்து ஓட்டைகள்

திருக்கோகர்ணத்தில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையில், என் மேசைக்குப் பின்னால் ஓர் அட்டைத் துண்டு மாட்டியிருக்கிறது. அதில் எண்ணெய்க் கறையாக ஒரு கியர்பாக்ஸ் மூடியின் வடிவம். ஓரத்தில் பத்து போல்ட் ஓட்டைகளின் தடம். யாருடையது என்று கேட்பவர்களிடம், ஜெகதாப்பட்டினத்து மீன் வியாபாரி பாயுடையது என்பேன்.

பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகள் ஏற்றிவரும் பழைய ஜீப் அவருடையது. இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. ஒரு நாள் இந்த அட்டையோடு வந்து நின்றார். மூடியை அட்டையில் அழுத்தித் தடமெடுத்து, எண்ணெய் கசியாமலிருக்க அதையே வெட்டி மூடிக்கடியில் கேஸ்கெட்டாகப் போடுவது இங்குள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். இதை வெட்டவில்லை. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டாராம். வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு மீன் வியாபாரத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காதே. வண்டி என்னதான் செய்கிறது என்று துருவித் துருவிக் கேட்டேன்.

“கெளம்பும்போது ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குதும்மா. அறந்தாங்கி தாண்டிட்டா ஒழுங்கா விழுது” என்றார்.

சூடேறினால் சரியாகிறதென்றால், உள்ளே எண்ணெய் கெட்டியாக இருக்கிறதோ? அந்த ஜீப்புக்குரிய கேஸ்கெட்டை எடுத்து அட்டைமேல் வைத்தேன். அதில் எட்டு ஓட்டை, அட்டையில் பத்து. மறுபடி எண்ணினேன். அட, இது அந்த ஜீப்பின் கியர்பாக்ஸே இல்லை! முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியுடையதை மாட்டியிருக்கிறார். அலமாரியைக் கிளறிப் பத்து ஓட்டைக்காரனைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வகைக்கு மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம்தான் அட்டையைத் திருப்பினேன். கெட்டி எண்ணெய் டப்பாக்கள் வந்த பெட்டியின் அட்டை அது. மேலே என் கையெழுத்தில் அவருடைய வண்டி எண். முன்பு அவர் எண்ணெய் வாங்க வந்தபோது, வண்டியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நானே எடுத்துக் கொடுத்தது. பேசாமலிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும். கெட்டால் கெடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

“பாய், தப்பு என்னோடது. நாந்தான் தப்பான எண்ணெயக் கொடுத்திட்டேன்.”

கடையைவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“அப்ப வண்டி பொழச்சுக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

பிழைத்துக்கொண்டது. எண்ணெயை மாற்றி, கியர்பாக்ஸுக்குள் தேய்ந்துபோன இரண்டு பித்தளை வளையங்களையும் மாற்றியதோடு சரி. இன்றும் காலையில் கடை வாசலைத் தாண்டும்போது ஜீப்பின் வேகத்தைக் குறைத்து, எனக்குக் கேட்கட்டும் என்றே இரண்டாவது கியர் போடுவார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் வண்டியின் பெயரைக் கேட்பதில்லை; “மூடியக் காட்டுங்க” என்கிறேன். வருகிறவர்களுக்குத் தெரிவது அட்டையின் முன்பக்கம். கடை திறந்ததும் அதன் மறுபக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.