போன் எடுக்கிற வேலைக்கு ஒரு கவர் லெட்டர்

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிரஞ்சனியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீச்சர், அவ்வளவுதான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளைக்காம்பராவில் அவர்தான் டீச்சராக இருந்தார். குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கும் மாத்தளை டவுனுக்கும் போய்விட, பிள்ளைகள் குறைந்துபோனார்கள். போன வருடம் நிர்வாகம் அதைப் பூட்டி, மிஞ்சிய பிள்ளைகளைக் கீழ் டிவிசனுக்கு அனுப்பியது. டீச்சரை அனுப்பவில்லை.

அம்மா அப்பா இல்லை. அண்ணன் கட்டாரில். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்ப்பதற்கு ஆள் இருந்தவரை. ஊற்றுத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் வாளி பிடிக்கும்போது யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசினால் டீச்சரின் அன்றைய பேச்சு தீர்ந்தது. மிச்சமெல்லாம் அடுப்போடுதான். “பத்திக்கிறியா, இல்ல நான் எந்திரிச்சுப் போகவா?” அடுத்த வீட்டில் இருக்கும் நான் அதை அதே குரலில் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் செய்து காட்டியிருக்கிறேன். டீச்சரும்தான் சிரித்தார்.

“அடுப்பாவது பொக விட்டு பதில் சொல்லுதுடா, துஷாந்த்” என்றார்.

ஒருநாள் ஒரு வேலை விளம்பரத்தோடு போனை என்னிடம் நீட்டினார். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் கம்பனி ஒன்றுக்கு, விவசாயிகளின் முறைப்பாடுகளைப் போனில் கேட்க ஆள் வேண்டுமாம். தமிழும் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும். தங்க இடம் உண்டு. விண்ணப்பத்தோடு ஒரு கவர் லெட்டரும் அனுப்ப வேண்டும்.

“நாள் பூரா யாராச்சும் பேசிக்கிட்டே இருப்பாங்கடா” என்றார். சம்பளம் எவ்வளவென்று அவர் பார்க்கக்கூட இல்லை.

கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். நான் அதை எங்கள் தொழிற்சங்கத் தலைவர் மைக் பிடிக்கும் குரலில் வாசித்தேன். “மாண்புமிகு ஐயா அவர்களுக்கு! மேல் டிவிசன், செக்ரோல் நம்பர் நூற்று நாற்பத்தேழு, காலஞ்சென்ற பெருமாள் அவர்களின் மகளாகிய நான், வறுமையின் நிமித்தம்...”

தோட்டத்து ஆபிசுக்கு எழுதும் எந்தக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும். கூரை ஒழுகினாலும் சரி, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் சரி, வேலையாளின் நம்பர் இல்லாவிட்டால் கிளார்க் தலை நிமிர மாட்டார்.

“தம்புள்ளைக்காரனுக்கு ஒங்கப்பா நம்பர் என்னாத்துக்கு டீச்சர்? லீக்ஸ் மூட்டையில ஒட்டவா?”

“அப்ப நான் யாருன்னு அவங்களுக்கு எப்பிடிடா தெரியும்?”

அவர் உண்மையாகவே கேட்டார்.

“ஏழைன்னு எழுதினா பாவம்னு சொல்லுவாங்க, வேல குடுக்க மாட்டாங்க. அந்த வேலைய நீங்க எப்பிடி செய்வீங்கன்னு எழுதணும். ஒங்களுக்கு நடந்தது ஒண்ண எழுதினா போதும்.”

“எனக்கு என்னாடா நடந்திருக்கு?”

நான் போனைக் காதில் வைத்துக் கரகரத்த குரலில் கத்தினேன். “ஹலோ! என் தக்காளிய பழுதுன்னு ஒதுக்கிட்டீங்களாமே! யாருய்யா அங்க?”

டீச்சர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐயா, எப்ப பறிச்சீங்க?”

“விடியக்காலையில!”

“அப்ப தூங்கியே இருக்க மாட்டீங்களே. சாப்பிட்டீங்களா?”

எனக்கு மேற்கொண்டு கத்த வரவில்லை. “இத எங்க படிச்சீங்க?” என்றேன்.

“இதுல படிக்க என்னா இருக்கு? அம்மா வேலைக்குப் பேர் குடுக்க பிரட்டுக்குப் போனதும் புள்ளைங்க கத்தும். அழாதன்னு சொல்லக்கூடாது. வீட்டுல கோழி இருக்கா, அது பேரு என்னான்னு கேக்கணும். பேரச் சொல்லணும்னா அழுகைய நிறுத்தித்தானே ஆகணும்?”

“டீச்சர், இத எழுதுங்க.”

“கோழியையா? சும்மா இருடா!”

ஆனாலும் எழுதினார். ‘அழும் பிள்ளைகளிடம் பதினொரு வருடம் பேசியிருக்கிறேன். கோபமாகப் பேசுகிறவர்களிடமும் என்னால் பேச முடியும்’ என்று தொடங்கி, கோழிக் கதையைச் சொல்லி, அரைப் பக்கத்தில் முடித்தார். பீலிப் பக்கம் மட்டும்தான் சிக்னல். அங்கே நின்று அனுப்பினோம். பிறகு டீச்சர் தண்ணீருக்கு அடிக்கடி வந்தார். வீட்டில் குடிக்க ஒரே ஒரு ஆள்.

ஒரு பின்னேரம் பீலியடியில் போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் டீச்சரின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“டீச்சர், நான் ஜெஸ்லா, தம்புள்ள ஒபிஸ்ல இருந்து. ஒங்கட கடிதத்த நாங்க எல்லாரும் வாசிச்சோம். ஆனா வேலைக்கு கம்பியூட்டர் தெரிஞ்ச புள்ள ஒண்ட எடுத்துட்டாங்க. கொற நெனைக்க வாணாம்.”

“பரவால்லைங்க” என்றார் டீச்சர். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஜெஸ்லா போனை வைக்கவில்லை. “இன்னொண்டு, டீச்சர். என்ட மகன் நேர்சரி வாசல்ல அழுறத பாக்க ஏலா. எங்கட வீட்டுல கோழியும் இல்ல. நான் என்னத்த கேக்குறது?”

டீச்சர் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். “வீட்டுல என்னா வெளையாடுவாரு?”

பையனிடம் ஒரு மஞ்சள் லொறி இருந்தது. அந்த லொறிக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு பெயர், இன்றைக்கு அவர் என்ன ஏற்றிப் போகிறார் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. வாளி நிறைந்து வழிந்ததை டீச்சர் பார்க்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். ஜெஸ்லா சிரிக்கும் சத்தமும் கேட்டது.

“நாளைக்கி செஞ்சு பாத்துட்டு கோல் எடுக்கிறன் டீச்சர்.”

மறுநாள் டீச்சர் தலை சீவி, நல்ல சாரி கட்டிக்கொண்டு பீலிக்கு வந்தார். போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கும் அடுத்த நாள் டீச்சர் தானே ஜெஸ்லாவுக்குப் போன் போட்டார்; அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

“ஆ டீச்சர்! இப்ப அழுகையே இல்ல, டாட்டா காட்டிட்டு ஓடுறான். பெரிய உபகாரம். கொஞ்சம் வேலையா ஈக்கிறன், வைக்கவா?”

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

“வச்சிட்டாங்களா டீச்சர்?” என்றேன்.

“அழுக நின்னுருச்சாம்.”

“நல்லதுதானே டீச்சர்?”

“நல்லதுதான்.” போனைச் சாரித் தலைப்பில் துடைத்தார். “இன்னும் ரெண்டு நாளு அழுதிருக்கலாம்.”

பிறகு அதை என்னிடம் நீட்டினார். “வேற எங்கயாச்சும் போன் எடுக்க ஆள் கேக்குறாங்களான்னு பாருடா.”